படத்தில் விழாத காற்று

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்தில் சோழர் காலத்துப் புத்தர் சிற்பமும் தீர்த்தங்கரர் சிற்பமும் இருக்கின்றன. வணிகர்கள் புழங்கிய ஊர் என்பதால் பல சமயத்தாரும் இங்கு இருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கூறுவர். சிற்பங்கள் நிலைத்தன, அவை வீற்றிருந்த பள்ளிகள் நிலைக்கவில்லை. கூரை எவ்வளவு உயரத்தில் இருந்தது, சித்திரை வெயிலில் உள்ளே அமர்ந்தவருக்கு எந்தத் திசையிலிருந்து காற்று வந்தது என்பதையெல்லாம் சிற்பத்தின் முகம் நமக்குச் சொல்வதில்லை. உருவம் தங்கிவிடுகிறது, கட்டடம் போய்விடுகிறது. எனவே உருவத்தைக் கொண்டே வரலாற்றை எழுதப் பழகியிருக்கிறோம்.

கட்டடம் கண்ணெதிரே நிற்கும்போதும் இதே பழக்கம் தொடர்வதுதான் வியப்பு. இருபதாம் நூற்றாண்டின் நவீனக் கட்டடக்கலையை நம்மில் பெரும்பாலோர் புகைப்படங்களின் வழியாகவே அறிந்திருக்கிறோம். அந்தப் படங்களுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. ஆள் இருக்கக்கூடாது. வெளிச்சம் சாய்வாக விழவேண்டும். துணி காயக்கூடாது, செருப்பு கிடக்கக்கூடாது. குளிர்நாட்டுக் கட்டடத்துக்கு இந்த இலக்கணம் ஓரளவு பொருந்தும். வெப்பநாட்டுக் கட்டடத்துக்கு இது பெரும் அநீதி செய்கிறது என்பது நமது எண்ணம். ஒரு தேவாலயத்தின் படத்தைக்கொண்டு இதை விளக்க முயல்வோம்.

பிலிப்பைன்ஸின் நீக்ரோஸ் தீவில் விக்டோரியாஸ் என்ற ஊர் இருக்கிறது. கரும்பு விளையும் பூமி. அங்குள்ள சர்க்கரை ஆலை வளாகத்தில், ஆலையை நடத்திய ஒஸோரியோ குடும்பத்தாரின் முயற்சியால், 1940களின் இறுதியில் உழைப்பாளரான புனித சூசையப்பருக்கு ஒரு தேவாலயம் எழுந்தது. ஸ்பானியர் காலத்துத் தேவாலயங்களின் கனத்த சுவர்கள் அங்கு இல்லை. கோதிக் கூர்வளைவுகளும் இல்லை. எளிய, நேர்கோட்டுக் கான்கிரீட் கட்டடம். அதை வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட்.

இத்தேவாலயத்தின் புகைப்படம் என்று நமக்குக் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை ஒரே காட்சியைத்தான் காட்டுகின்றன. பீடத்துக்குப் பின்னால் சுவர் நிறைய ஒரு கிறிஸ்து. விரிந்த கைகள், தீயாய் எரியும் இதயம், அச்சமூட்டும் பார்வை. 'கோபக்காரக் கிறிஸ்து' என்றே அந்த ஓவியத்துக்குப் பெயர் நிலைத்துவிட்டது. 1950இல் அதைத் தீட்டிய அல்ஃபான்சோ ஒஸோரியோ ஆலைக் குடும்பத்தின் பிள்ளை. மணிலாவில் 1916இல் பிறந்து, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் படித்து, ஜாக்சன் பொல்லாக்கின் நண்பராக இருந்தவர். தேவாலயத்தின் பதிகல் சித்திரங்கள் ஆடே பெத்யூன் என்ற கலைஞரின் திட்டப்படி உருவானவை. உடைந்த புட்டிகளின் வண்ணச் சில்லுகளும் அவற்றில் பதிக்கப்பட்டன. புனிதர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டு முகத்தோடும் உடையோடும் இருக்கிறார்கள். ஆலைத் தொழிலாளி பீடத்தை நோக்கும்போது தன் சாயலையே அங்கு காண்கிறான்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதன்று. விக்கிரமங்கலத்துக்குத் தெற்கே, கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா ஆலயத்தை நிறுவியவர் வீரமாமுனிவர். திருக்காவலூர் என்று அவ்வூருக்குப் பெயரிட்டவரும் அவரே. விருத்தாசலத்தை அடுத்த கோணாங்குப்பத்தில் அவர் நிறுவிய பெரியநாயகி மாதா தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் காட்சி தருகிறாள். அந்த உருவத்தை வரைந்து மணிலாவுக்கு அனுப்பி, அங்கே சிலை வடிக்கச் செய்து கப்பலில் வரவழைத்தார்கள் என்பது அவ்வாலயத்தின் மரபுவழிச் செய்தி. சோழமண்டலக் கரையிலிருந்து மணிலாவுக்குத் துணி போய்க்கொண்டிருந்த பதினெட்டாம் நூற்றாண்டில் இது நம்பக்கூடாத ஒன்றன்று. தமிழ்ச் சாயல் கொண்ட மாதா பிலிப்பைன்ஸ் தச்சரின் உளியில் பிறந்தாள் என்றால், இருநூறு ஆண்டுகள் கழித்து விக்டோரியாஸில் நடந்ததற்கு நம் ஊர்ப்பக்கத்திலேயே ஒரு முன்னோடி இருக்கிறது.

தொலைவிலிருந்து வந்த சமயம் ஓர் ஊரில் வேர்கொள்ள இது ஒரு வழி: முகத்தையும் உடையையும் மாற்றிக்கொள்வது. கேமராவுக்கு மிக உகந்த வழியும் இதுவே. இன்னொரு வழி, அந்த ஊரின் வெயிலையும் மழையையும் காற்றையும் ஏற்று வாழ்வது. இது படத்தில் விழாது. ரேமண்ட் இந்த இரண்டாவது வழியில் நடந்தவர். அவர் அதை மிகத் தெளிவாகச் செய்துகாட்டிய இடம் பிலிப்பைன்ஸ் அன்று. நமது புதுச்சேரி.

ரேமண்ட் 1888இல் பொஹீமியாவில் பிறந்தவர். அமெரிக்கா சென்று, ஃபிராங்க் லாயிட் ரைட்டிடம் பணிபுரிந்து, டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக 1919இல் ஜப்பானுக்குப் போனவர், அங்கேயே சொந்தமாகத் தொழில் தொடங்கினார். தேவாலயங்களும் கட்டினார். அரவிந்தர் ஆசிரமத்தில் பவித்ரா என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சுப் பொறியாளர் பிலிப் சேன்-இலேர் முன்னர் ஜப்பானில் வாழ்ந்தபோது ரேமண்டுக்கு நண்பரானவர். அந்த நட்பின் வழியாக, ஆசிரமவாசிகளுக்கான விடுதி ஒன்றை வடிவமைக்கும் பணி 1930களின் நடுவில் ரேமண்டிடம் வந்தது. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை கிடைத்தது. அந்த நன்றியில், வைரத்துக்குப் பேர்போன கோல்கொண்டாவின் பெயரைப் பிரெஞ்சு வடிவில் 'கோல்கொண்ட்' என்று கட்டடத்துக்கு இட்டார்கள்.

ரேமண்டின் டோக்கியோ அலுவலகத்திலிருந்து இருவர் புதுச்சேரிக்கு வந்தனர். ஒருவர் லெ கொர்பூசியேயிடம் வேலை பார்த்திருந்த செக் நாட்டவர் பிரான்டிசெக் சாமர். மற்றவர் ஜப்பானிய அமெரிக்கரான ஜார்ஜ் நகஷிமா. நகஷிமா இங்கே சம்பளம் வாங்காமல் ஆசிரமவாசியாகவே வாழ்ந்தார். சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். ரேமண்ட் 1938இல் குடும்பத்தோடு வந்து சில மாதங்கள் தங்கினார். கட்டியவர்களில் பலர் கட்டடத் தொழில் அறியாத ஆசிரமவாசிகள். கதவுகளுக்கான பித்தளைப் பொருத்துகள்கூட அன்பர்கள் கொடுத்த பாத்திரங்களை உருக்கி வார்க்கப்பட்டவை என்பர். போர் மூண்டு பொருள்கள் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையிலும் வேலை நிற்கவில்லை. 1942இல் சாமர் புதுச்சேரியை விட்டுப் போனபோது கட்டடம் பெரும்பாலும் முடிந்திருந்தது.

இனி கட்டடத்துக்கு வருவோம். அதன் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியவை. காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டுமே விழும். நீண்ட முகப்புகளில் கண்ணாடி ஜன்னல் கிடையாது. தரை முதல் மேல்வரை அஸ்பெஸ்டாஸ் சிமெண்டுத் தகடுகள் படுக்கைவாக்கில் வரிசையாக நிற்கின்றன. (அப்பொருளின் தீங்கை அந்நாளில் யாரும் பெரிதாக எண்ணவில்லை.) தகடுகளைச் சாய்த்தால் காற்று வரும், வெயில் வராது. மழைக்கு மூடிவிடலாம். தகடுகளை அடுத்து நடைவழி, நடைவழியை அடுத்து அறை. அறைக்குத் தேக்குச் சட்டங்களால் ஆன நகரும் கதவு. அதைச் சாத்தினாலும் காற்று நுழையும். காற்று ஒரு தோட்டத்தில் புறப்பட்டு, அறையைக் கடந்து, மறுபுறத்துத் தோட்டத்துக்குப் போய்விடுகிறது. கூரையோ இரட்டைக் கூரை. கான்கிரீட் தளத்தின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டுப் பொருத்தினார்கள். வெயில் மேலோட்டைச் சுடும். இடைவெளியில் ஓடும் காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். உட்சுவர்களில் கிளிஞ்சல் கலந்த செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு.

அரியலூர்ப் பகுதியில் வாழ்பவர்கள் இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும். நமது மண்ணுக்கடியில் கிடப்பது பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த உயிரினங்களின் ஓடுகள் செறிந்த சுண்ணாம்புப் பாறை. சிமெண்டு ஆலைகள் நம்மைச் சூழ்ந்திருப்பதற்கு அதுவே காரணம். இருந்தும் கான்கிரீட் வீடு என்றால் நம் நினைவுக்கு வருவது பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் உமிழும் தளம்தான். மொட்டைமாடியில் படுக்கப் போவோர் அதன் சாட்சிகள். கான்கிரீட்டைக் குறைசொல்வதில் பயனில்லை. அதே பொருளைக்கொண்டு, மின்விசிறியை நம்பாமல், நமக்கு அண்மையில் உள்ள ஒரு கடற்கரை ஊரில் எண்பது ஆண்டுகளுக்கு முன் குளிர்ந்த அறைகள் கட்டப்பட்டுவிட்டன. நம் ஊர்களில் அண்மைக்காலத்தில் எழுந்த தேவாலயங்களும் கோயில் மண்டபங்களும் பள்ளிக் கட்டடங்களும் அதிலிருந்து எதையும் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? புகைப்படத்துக்கும் இதில் பங்கு இருப்பதாக நாம் கருதுகிறோம். கோல்கொண்டின் படங்கள் அழகானவை. கறுப்பு வெள்ளையில், தகடுகளின் கோடுகளும் அவற்றின் நிழல்களும் நூல் பிடித்தாற்போல் இருக்கும். ஆனால் அந்தத் தகடுகள் அசையக்கூடியவை. கட்டடத்தின் முகம் வேளைக்கு வேளை மாறும். ஒருவர் தம் அறைக்கெதிரே உள்ளவற்றைத் திறந்திருப்பார். அடுத்தவர் பாதி சாய்த்திருப்பார். படம் ஒரு கணத்தை எடுத்து அதையே முகம் என்று நிறுத்திவிடுகிறது. பார்ப்பவர் கோடுகளை நினைவில் கொள்கிறார், பிறகு அந்தக் கோடுகளைத் தம் கட்டடத்தில் அசையாத கான்கிரீட்டில் வார்க்கிறார். இவ்வாறு வெறும் அலங்காரமாகிப்போன வெயில்தடுப்புகளை நம் அரசு அலுவலகங்கள் பலவற்றில் பார்க்கலாம்.

படம் வரலாற்றையும் ஒருபக்கம் சாய்த்துவிடுகிறது. இந்தியாவில் நவீனக் கட்டடக்கலையின் கதையைச் சண்டிகரிலிருந்து தொடங்குவது வழக்கம். லெ கொர்பூசியே அந்தப் பணிக்காக இந்தியா வந்தது 1951இல். அதற்குள் கோல்கொண்டில் ஆசிரமவாசிகள் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டார்கள். சண்டிகரின் சட்டமன்றம் படத்தில் பிரம்மாண்டமாக விழும். கோல்கொண்ட் காட்சிக்காகக் கட்டப்பட்டதன்று. அது துறவு மனம் கொண்டவர்கள் அமைதியாக வாழும் இல்லம். அதைப் பற்றிய தனி நூல் ஒன்றை பங்கஜ் வீர் குப்தா, கிறிஸ்டின் முல்லர், சைரஸ் சமீ ஆகிய மூவர் வெளியிட 2010 வரை ஆயிற்று.

மீண்டும் விக்டோரியாஸ் படத்துக்கு வருவோம். புதுச்சேரியில் கற்றதை ரேமண்ட் அப்படியே அங்கே கொண்டுபோனார் என்று நேர்கோடு போட நாம் துணியவில்லை. கோல்கொண்ட் ஒருவர் தனித்திருக்கும் அறைகளின் அடுக்கு. தேவாலயம் ஊர் கூடும் கூடம். நிலநடுக்கத்தையும் புயலையும் தாங்கவேண்டிய தேவை வேறு அங்கு உண்டு. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போது கிறிஸ்துவின் கண்களைத் தாண்டி வேறு சிலவற்றையும் தேடலாம். கதவுகள் எந்தப் பக்கம் திறந்திருக்கின்றன? விசுவாசிகளின் முதுகில் வெயில் விழுகிறதா? கரும்பு வெட்டும் பருவத்தில் ஞாயிறு பூசைக்கு வந்தவன் வியர்வை உலர எங்கே உட்கார்ந்திருப்பான்? ஒஸோரியோவின் ஓவியத்தைப் பற்றி எழுதப்பட்டதில் சிறு பங்குகூட இவற்றைப் பற்றி எழுதப்படவில்லை.

நகஷிமா 1939இல் புதுச்சேரியை விட்டுப் போனார். அமெரிக்காவில், ஜப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக 1942இல் குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டார். மறு ஆண்டு அவரை வெளியே கொண்டுவரப் பொறுப்பேற்றவர் ரேமண்ட்தான். பின்னாளில் மரத்தச்சராகவே உலகப்புகழ் பெற்ற நகஷிமா, கட்டடம் கட்டுவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். அதன் பிறகும் அவர் வடிவமைக்க இசைந்த சிலவற்றுள் ஒன்று கியோத்தோவின் கட்சுராவில் 1965இல் எழுந்த கத்தோலிக்கத் தேவாலயம். இன்னொன்று நியூ மெக்சிகோவின் பாலைவனத்தில் துறவிகளுக்கான மடம்.