தூண்டில் இரையின் வரலாறு: மண்புழு முதல் ரப்பர் புழு வரை

தூண்டில் முள்ளில் கோக்கப்படும் மென்மையான நெகிழிப் புழுவை நம் ஊர் இளைஞர்கள் 'ரப்பர் புழு' என்கிறார்கள். வண்டின் புழுவைப் போலக் குட்டையாகவும் தடித்தும், வால் மட்டும் அரிவாள்போல் வளைந்தும் இருக்கும் வகைக்குக் 'கிரப்' என்று பெயர். அமெரிக்காவின் ஏரிகளில் வாழும் 'பாஸ்' என்னும் மீனைப் பிடிக்கவே இவ்வகை இரைகள் முதலில் புகழ்பெற்றன. இன்று இவை தமிழ்நாட்டு ஏரிகளிலும் கழிமுகங்களிலும் புழக்கத்தில் உள்ளன. இரை எப்படி மாறியது என்பதையும், தூண்டில் விளையாட்டுக்காக மனிதர்கள் மீன்களை இடம் மாற்றியதால் நீர்நிலைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் இக்கட்டுரை கூறுகிறது.

பெயரில் ஒரு தெளிவு

அமெரிக்கப் பாஸ் நன்னீர் மீன். நம் கழிமுகங்களில் கிடைக்கும் கொடுவா மீனை ஆங்கிலத்தில் 'ஆசியக் கடல் பாஸ்' என்பார்கள். இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஆனால் இரண்டுமே மறைவில் காத்திருந்து, கடந்துபோகும் இரையைச் சட்டென்று விழுங்குபவை. நம் குளங்களில் இந்த இயல்பு விரால் மீனுக்கு உண்டு. அதனால்தான் பாஸுக்காகச் செய்த இரை விராலுக்கும் கொடுவாவுக்கும் பயன்படுகிறது.

தமிழ் மரபில் தூண்டில்

தூண்டில் தமிழருக்குப் புதியதன்று. குறுந்தொகையின் 54ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாடலில் வரும் உவமையைக் கொண்டே அவரை 'மீனெறி தூண்டிலார்' என்கிறோம். காட்டு யானை வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கில், தினைப்புனக் காவலரின் கவண் ஒலிக்கு அஞ்சி யானை கைவிட்டதும், மீனை எறிந்து தூக்கும் தூண்டிற்கோல் போல மேலே எழுகிறது. மலைநாட்டுக் காட்சிக்குத் தூண்டிலை உவமையாக்க வேண்டுமென்றால், மூங்கில் தூண்டிற்கோலைக் கேட்போர் நன்கு அறிந்திருக்க வேண்டும்.

மூங்கில் கோல், நூல், தக்கை, ஈயக்குண்டு, முள் என்ற இந்த அமைப்பு அண்மைக்காலம் வரை பெரிதாக மாறவில்லை. இரையும் கைக்கெட்டியதுதான்: மண்புழு, வெட்டுக்கிளி, மாவு உருண்டை, விராலுக்குச் சிறு தவளை. காவிரியில் பெரிய மீனுக்குக் கேழ்வரகு மாவைக் களியாகக் கிண்டி உருட்டிக் கோப்பார்கள். இவையெல்லாம் உணவுக்காகப் பிடித்தவர்களின் இரைகள்.

விளையாட்டாக மாறிய காலம்

தூண்டிலை விளையாட்டாகக் கொண்டவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் 'இந்தியாவில் தூண்டில்' என்று பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். தென்னிந்திய ஆறுகளின் பெரிய கெண்டை இனமான மஹசீரை எப்படிப் பிடிப்பது என்பதே அதன் முக்கியப் பொருள். உலோகத் தகட்டில் செய்த கரண்டி வடிவச் செயற்கை இரைகள் இக்காலத்தில் இங்கு பரவின. நீரில் சுழன்று மின்னும்போது அவை சிறு மீன்போலத் தோன்றும்.

தாமஸ் வேட்டைக்காரராக மட்டும் இருக்கவில்லை. நுண்கண் வலைகளும், நீரில் நஞ்சு கலப்பதும், மீன் ஏறிவரும் வழியை மறிக்கும் தடுப்புகளும் மீன்வளத்தை அழிக்கின்றன என்று எச்சரித்தார். மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டேயும் 1873இல் தம் அறிக்கையில் இதையே வலியுறுத்தினார். வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைத் தடை செய்யும் இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் வந்தது.

மலைகளுக்கு வந்த அயல் மீன்கள்

இந்த விளையாட்டுக்கு இன்னொரு முகம் உண்டு. குளிர்ந்த மலைகளில் குடியேறிய ஆங்கிலேயர்கள் தம் நாட்டு மீன்களையும் அங்கே காண விரும்பினார்கள். 1860களில் டே நீலகிரிக்கு டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்றார். அது வெற்றி பெறவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் இலங்கை முதலிய இடங்களிலிருந்து முட்டைகளை வரவழைத்து இப்பணியில் வென்றார். உதகைக்கு அருகே அவலாஞ்சியில் 1907இல் டிரவுட் குஞ்சுப் பொரிப்பகம் அமைந்தது. 1939இல் இலங்கையிலிருந்து கண்ணாடிக் கெண்டை நீலகிரிக்கு வந்தது. பின்னர் 1952இல் இந்தியாவுக்கு வந்த திலாப்பியா, உணவுக்காகப் பரப்பப்பட்டு, இன்று 'ஜிலேபி' என்ற பெயரில் ஏறக்குறைய எல்லாக் குளங்களிலும் இருக்கிறது.

நோக்கம் விளையாட்டாக இருந்தாலும் உணவாக இருந்தாலும், புது மீனை விடும்முன் அங்கே ஏற்கெனவே இருந்த சிறு மீன்களைப் பற்றி அன்று பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை.

ரப்பர் புழு பிறந்த கதை

இதே காலத்தில் அமெரிக்காவில் பாஸ் மீன்பிடிப்பு மக்கள் விளையாட்டாக வளர்ந்தது. ரப்பரில் செய்த புழுக்கள் முன்பே இருந்தன என்றாலும் அவை விறைப்பாக இருந்தன. 1949இல் ஒகாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவியும் வீட்டுச் சமையலறையில் நெகிழிக் குழம்பைக் காய்ச்சி, உண்மையான மண்புழுவிலிருந்து எடுத்த அச்சில் ஊற்றினார்கள். ஆறியதும் கிடைத்தது தொட்டால் துவளும் புழு. பின்னர் வளைந்த வாலுடைய கிரப் வகைகள் பரவின.

இதன் வேலை எளிது. ஈயத்தலை பொருத்திய முள்ளில் புழுவைக் கோத்து எறிந்து, அடிமட்டத்துக்கு இறங்கவிட்டு, மெதுவாக இழுக்க வேண்டும். வளைந்த வால் நீரைத் துடுப்புப்போல் தள்ளித் துடிக்கும். மீனின் உடலில் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு இந்த அதிர்வை அறிகிறது. கலங்கிய நீரிலும் மீன் தேடி வருவது இதனால்தான். கடித்தபின் வாயில் மென்மையாக இருப்பதால் உலோக இரையைப்போல் உடனே துப்பிவிடுவதில்லை. அந்த ஓரிரு நொடிகளே தூண்டில்காரருக்குப் போதும்.

இதில் கேடும் உண்டு. மண்புழு மட்கும், நெகிழிப் புழு மட்காது. அறுந்துவிழும் புழு நீரடியில் கிடக்கும், அல்லது மீன் வயிற்றுக்குள் போகும். ஈயக்குண்டை விழுங்கிய அன்னங்கள் இறந்ததால், இங்கிலாந்து 1987இல் சிறிய ஈயக்குண்டுகளின் விற்பனைக்குத் தடை விதித்தது.

பிவா ஏரி தரும் பாடம்

இரைக்கு முன்பே பாஸ் மீன் உலகைச் சுற்றிவிட்டது. 1925இல் அது ஜப்பானின் ஆஷி ஏரியில் விடப்பட்டது. பிறகு ஏரி ஏரியாகப் பரவி, அந்நாட்டின் மிகப்பெரிய ஏரியான பிவாவையும் அடைந்து, உள்ளூர்ச் சிறு மீன்களை விழுங்கியது. 2005இல் ஜப்பான் அதைச் சட்டப்படி ஆக்கிரமிப்பு அயல் உயிரினமாக அறிவித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2009இல், அதே பிவா ஏரியில் 10.12 கிலோ பாஸ் ஒன்று தூண்டிலில் சிக்கி, 1932 முதல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருந்துவந்த உலகச் சாதனையைச் சமன் செய்தது. விளையாட்டு கொண்டாடிய அதே மீன் ஏரிக்குச் சுமையாக இருந்தது.

காவிரியின் கூன்முதுகு மஹசீர்

நமக்கு நெருக்கமான கதை காவிரியில் நடந்தது. 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடையுள்ள மஹசீரைத் தூண்டிலில் பிடித்தார். முதுகு கூனலாக உயர்ந்த அந்த இனம் காவிரி ஆற்றுத்தொகுதியில் மட்டுமே வாழ்வது. 1970களிலிருந்து வேறோர் இனமான நீலத்துடுப்பு மஹசீரின் குஞ்சுகள், மகாராட்டிரத்தின் லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்க்கப்பட்டு, பல ஆறுகளில் விடப்பட்டன. அழிந்துவரும் மஹசீரைக் காப்பதே நோக்கம்.

கர்நாடகப் பகுதியில் உள்ள கலிபோரே முகாமில், பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடுபவர்கள் ஒவ்வொரு மீனையும் பதிவேட்டில் எழுதி வந்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தப் பதிவுகளை ஆய்வாளர்கள் பின்னர் எண்ணிப் பார்த்தார்கள். நீலத்துடுப்பு மீன்கள் பெருகியிருந்தன. கூன்முதுகு மீன்கள் மிக அரிதாகியிருந்தன. உலகப் புகழ்பெற்ற இந்த மீனுக்கு அதுவரை உறுதியான அறிவியற்பெயர்கூட இல்லை. 2018இல்தான் அது, மீனியல் அறிஞர் ரமாதேவியின் பெயரால் 2007இல் விவரிக்கப்பட்ட 'டோர் ரமாதேவி' என்ற இனம் என்று உறுதியானது. அதே ஆண்டு மிக அருகிய இனமாகவும் பட்டியலிடப்பட்டது.

மணல் அள்ளுதல், அணைகள், வெடி வைத்தல் ஆகியவையும் இந்த மீனை நலித்தன. ஆனால் நல்லெண்ணத்தோடு விடப்பட்ட வேற்று மீனும் ஒரு காரணம் என்பதை முதலில் காட்டியவை தூண்டில்காரர்களின் குறிப்பேடுகளே.

சேர்வராயன் மலைக்கு என்ன தொடர்பு?

ஏற்காடு, கொட்டச்சேடு முதலிய ஊர்களைக் கொண்ட சேர்வராயன் மலையில் விழும் மழை இரு பக்கமாகப் பிரிகிறது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரியைச் சேர்கின்றன. வாணியாறு தென்பெண்ணையைச் சேர்கிறது. எனவே காப்பித் தோட்டத்து ஓடையிலோ ஏற்காட்டு ஏரியிலோ விடப்படும் ஒரு மீன் மலையோடு நின்றுவிடாது. வெள்ளத்தில் சமவெளி ஆறு வரை இறங்கக்கூடும். வீட்டுத் தொட்டியில் வளர்த்துச் சலித்த மீனை ஓடையில் விடுவதும் இதில் அடங்கும்.

தூண்டில் போட விரும்பும் மாணவர்கள் மூன்றை நினைவில் கொள்ளலாம். அந்த நீர்நிலையில் மீன்பிடிக்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டறிய வேண்டும். அறுந்த நூலையும் நெகிழிப் புழுவையும் திரும்ப எடுத்துவர வேண்டும். பிடித்த மீனின் உள்ளூர்ப் பெயர், நீளம், தேதி, இடம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுத வேண்டும். மலை ஓடைகளின் சிறு மீன்கள் யாருடைய சாதனைப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. அவை குறைந்தால், குறைந்தன என்று சொல்ல அந்த நோட்டுதான் சான்றாக இருக்கும்.