வண்டியின் வெப்பமும் விசிறியும்

1888-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பெர்த்தா பென்ஸ் அம்மையார் தம் கணவர் கார்ல் பென்ஸ் ஆக்கிய மோட்டார் வண்டியில், ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குச் சென்றார். எஞ்சினைக் குளிர்வித்த நீர் ஆவியாகிக் குறைந்துகொண்டே வந்தமையால், வழியெல்லாம் நீர் ஊற்ற நேர்ந்தது.

1901-இல் வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் வண்டி அத்தொல்லையைப் பெரிதும் தணித்தது. 8,070 சிறு குழாய்கள் கொண்ட அதன் ரேடியேட்டருக்குப் பின்னே ஒரு விசிறி இருந்தது. வண்டி விரைந்தால் எதிர்காற்றே குளிர்விக்கும். ஊர்ந்து செல்லும்போதோ விசிறியே துணை.

ஆயினும், வேண்டாதபொழுது சுழலும் விசிறி ஆற்றலை வீணாக்கும் அன்றோ? ஆதலின் பிற்காலத்தார் விசிறிக்கும் எஞ்சினுக்கும் இடையே ஒரு கிளச்சை அமைத்தனர். வெப்பம் மிகுந்தால் அதன் முகப்பிலுள்ள ஈருலோகச் சுருள் வளைந்து வால்வைத் திறக்கும். உள்ளிருக்கும் பிசுப்பான சிலிகோன் எண்ணெய் பரவி விசிறியை இழுத்துச் சுழற்றும்.

பழைய வண்டிகளில் இவ்வெண்ணெய் கசிந்துவிடுவதுண்டு. நெடுஞ்சாலையில் அமைதியாயிருந்த எஞ்சின் நெரிசலில் நின்றதும் கொதிக்குமாயின், கிளச்சையும் ஐயுறுதல் வேண்டும். எஞ்சினை நிறுத்தி, நன்கு ஆறியபின் விசிறியைக் கையால் தள்ளிப் பாருங்கள். தடையே இன்றிச் சுழன்றாலும், அசையாது இறுகியிருந்தாலும், அச்சு ஆடினாலும் புதிய கிளச்சை மாற்றுவதே முறை. சில வண்டிகளில் மரை இடப்புறமாகச் சுற்றும். அதனை அறிந்தே கழற்றுக. காலந்தாழ்த்தினால் சிலிண்டர் தலை கோணிப்போகும்.

அன்று அம்மையாரை வழிதோறும் நீர் தேடவைத்த வெப்பம் இன்றும் அடங்கிவிடவில்லை, கட்டுக்குள் நிற்கிறது. கட்டுத் தளர்வதை முன்னறிவதே கற்றவர் கடன்.