பாரதப்புழைக் கரையில் கோளம்: விதியிலிருந்து விளக்கத்துக்கு

ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறு பாலக்காட்டுக்குள் இறங்கிச் சித்தூர்ப்புழையில் கலக்கிறது. கண்ணாடிப்புழை என்றும் பெயர்பெற்ற அது பறளியில் கல்பாத்திப்புழையோடு சேர்ந்து பாரதப்புழையாகிறது. அந்த ஆறு பொன்னானியில் கடலைத் தொடும் வட்டாரத்தில், சுமார் 1530இல், ஜ்யேஷ்டதேவர் மலையாள உரைநடையில் யுக்திபாஷா என்ற நூலை எழுதினார். கோளத்தின் மேற்பரப்பும் கனஅளவும் ஏன் அவ்வளவாக இருக்கின்றன என்று அந்நூல் படிப்படியாக நிறுவுகிறது. விதி முன்பே இருந்தது. அதற்கு முழு நிறுவலைத் தந்ததுதான் கேரளக் கணித மரபின் சாதனை.

விதியும் எளிதில் வந்துவிடவில்லை. ஆரியபடர் (499) கூர்ங்கோபுர வடிவின் கனஅளவை அடிப்பரப்பு, உயரம் ஆகியவற்றின் பெருக்கத்தில் பாதி என்றார். கோளத்துக்கு அவர் தந்த விதி, பெருவட்டப் பரப்பை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கச் சொல்கிறது. விடை உண்மையைவிட ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கூடிவிடும். கூர்ங்கோபுரத்தை மூன்றிலொன்று என்று 628இல் திருத்தியவர் பிரம்மகுப்தர்.

கோளம் பாஸ்கரருக்காகக் காத்திருந்தது. மேற்பரப்பு பெருவட்டத்தின் நான்கு மடங்கு, அதை விட்டத்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் கனஅளவு என 1150இல் அவர் சரியாகச் சொன்னார். மேற்பரப்பில் அடியும் மையத்தில் கூர்முனையும் கொண்ட எண்ணற்ற ஊசிகளாகக் கோளத்தைப் பார்த்தது அழகான சிந்தனை. ஆனால் மேற்பரப்பை நெல்லிக்கனிச் சுளைகளாகப் பிரித்த அவர், சுளையின் பரப்பைக் கால்வட்டத்துக்குரிய 24 அரைநாண்களின் அட்டவணையைக் கூட்டியே பெற்றார். அட்டவணையின் துல்லியம்தான் அந்த விளக்கத்தின் எல்லை.

கிரேக்கத்தில் ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே கோளத்தின் மேற்பரப்பையும் கனஅளவையும் நிறுவியிருந்தார். கேரளத்தார் சென்ற வழி வேறு. மாதவர், பரமேசுவரர், தாமோதரர் என்று வந்த குரு வரிசையில், முடிவின்றிப் பெருகும் தொடர்களைக் கூட்டும் கலை முதிர்ந்திருந்தது. தாமோதரரின் மாணவரான ஜ்யேஷ்டதேவர் அதைக் கோளத்தின் மேல் செலுத்தினார்.

இணைவட்டங்களால் கோளத்தை மெல்லிய வளையங்களாக்கி, ஒவ்வொன்றையும் வெட்டி விரிக்கிறார். பட்டைகளின் அகலம் சமம். நீளம் மட்டும் அந்தந்த இடத்து அரைநாணுக்கேற்ப மாறும். எனவே அரைநாண்களைக் கூட்டினால் போதும். அடுத்தடுத்த அரைநாண்களின் வேறுபாடுகளை எடுத்து, அவற்றுக்கிடையிலான வேறுபாட்டை மறுபடி எடுத்தால், அது அந்தந்த அரைநாணுக்கே விகிதமாக அமைகிறது. இதைக் கொண்டு அட்டவணை இல்லாமலே கூட்டுத்தொகையைப் பிடிக்கிறார்: சுற்றளவை விட்டத்தால் பெருக்கினால் மேற்பரப்பு.

கனஅளவுக்கான நிறுவல் இன்னும் கூர்மையானது. கோளத்தை வட்டத் தட்டுகளாக அறுக்கிறார். ஒரு தட்டின் அரைநாண் விட்டத்தை இரு துண்டுகளாக்கும். அவற்றின் பெருக்கம் அரைநாணின் வர்க்கத்துக்குச் சமம். ஒரு துண்டை எல்லாத் தட்டுகளுக்கும் கூட்டினால் விட்டத்தின் வர்க்கத்தில் பாதி. அதன் வர்க்கங்களைக் கூட்டினால் விட்டத்தின் கனத்தில் மூன்றிலொன்று. முதல் தொகையை விட்டத்தால் பெருக்கி இரண்டாவதைக் கழித்தால், அரையில் மூன்றிலொன்று போக ஆறிலொன்று எஞ்சுகிறது. பாஸ்கரருக்குக் கனஅளவு வர மேற்பரப்பு தேவைப்பட்டது, இங்கே தேவைப்படவில்லை. இரண்டும் தனித்தனியாக நிறுவப்பட்டுப் பின் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன. மெல்லிய தட்டுகளால் கனஅளவை அணுகிய கவாலியேரியின் நூல் இத்தாலியில் வெளிவந்தது 1635இல்.

கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் சார்லஸ் விஷ் 1834இல் வெளியான கட்டுரையில் இந்த மரபின் நூல்களை ஐரோப்பாவுக்கு அறிவித்தார். யுக்திபாஷாவின் கணிதப் பகுதி 1948இல் திருச்சூரில் அச்சேறியது, கே.வி. சர்மாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2008இல் வந்தது.

இன்றைய அணைப் பொறியாளர்கள் தேங்கும் நீரின் கனஅளவைக் கணக்கிடும் முறையை ஐரோப்பிய நில அளவையிலிருந்து கற்றவர்கள். என்றாலும் பாலக்காட்டுப் பரம்பிக்குளத்திலும் இடுக்கி மாவட்ட முல்லைப் பெரியாற்றிலும் அவர்கள் போடும் கணக்கு தட்டுக் கணக்கே. பள்ளத்தாக்குக்கு வடிவச் சூத்திரம் கிடையாது. சமஉயரக் கோடுகளால் ஒவ்வோர் உயரத்திலும் நீர்ப்பரப்பை அளந்து, இடைப்பட்ட தட்டுகளின் கனஅளவைக் கூட்டுகிறார்கள். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் முல்லைப் பெரியாற்றில் 136 அடியிலிருந்து 142 அடிவரை தேக்க அனுமதித்தது. பள்ளத்தாக்கு மேலே விரிவதால், அந்த ஆறு அடியில் நிற்கும் நீர் அடியாழத்து ஆறு அடியில் நிற்பதைவிட மிக அதிகம்.