ரக்பி ஆட என்னென்ன வாங்கணும்? – ஒரு குட்டி வரலாறு

2025 ஜூன் மாதம் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் அணி கோப்பையைத் தூக்கியது. அதற்குப் பிறகு எங்கள் புத்தூர்ப் பக்கம் கூட ஒன்றிரண்டு பொடிசுகள் "நானும் ரக்பி ஆடப் போறேன்" என்று கிளம்பியிருக்கிறார்கள். என் அக்கா பையனும் அதில் ஒருத்தன்! வீட்டில் எழும் முதல் கேள்வி, "என்னென்ன வாங்கணும், எவ்வளவு ஆகும்?" மட்டை, பேடு, கிளவுஸ், ஹெல்மெட் என்று கிரிக்கெட்டுக்கு வாங்கிக் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இந்தப் பயம் நியாயமானதுதான்.

நான் பி.காம். மாணவன். பட்ஜெட் என்றால் முதலில் தேவையையும் ஆசையையும் தனித்தனியாகப் பிரி என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். ரக்பியில் அப்படிப் பிரித்துப் பார்க்க அதன் வரலாறே போதும். இந்த ஆட்டத்தின் விதிகள் "இதைப் போட்டுக்கொள்" என்று சொன்னதை விட, "இதைப் போடாதே" என்று சொன்னதுதான் அதிகம்.

காலில் இருந்து ஆரம்பிப்போம். 1823-ல் இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் வெப் எல்லிஸ் என்ற மாணவன் கால்பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான், அப்படித்தான் இந்த ஆட்டம் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அதற்கு வலுவான ஆதாரம் இல்லை (ஆனாலும் உலகக் கோப்பைக்கு அவர் பெயர்தான்!). உறுதியாகத் தெரிந்தது 1845. அந்த வருடம் அதே பள்ளி மாணவர்கள் விதிகளை எழுதி வைத்தார்கள். பூட்ஸின் அடியில் துருத்தும் ஆணியோ இரும்புத் தகடோ இருக்கக்கூடாது என்பது அதில் ஒரு விதி. காரணம், அன்றைக்கு எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பது ஆட்டத்திலேயே அனுமதிக்கப்பட்ட ஒன்று! 1871-ல் இங்கிலாந்தில் ரக்பி யூனியன் உருவானபோதுதான் அந்த உதையையே தடை செய்தார்கள்.

கவனித்தீர்களா? முதலில் எழுதப்பட்ட விதி, போட்டுக்கொள்பவனைக் காப்பாற்ற வந்ததில்லை, எதிரே நிற்பவனைக் காப்பாற்ற வந்தது. இன்றைக்கும் பூட்ஸின் ஸ்டட் 21 மில்லிமீட்டருக்கு மேல் நீளக்கூடாது, கூர்மையாக இருக்கக்கூடாது. புதிதாக ஆட வரும் பிள்ளைக்கு, அடிப்பாகத்தோடு சேர்ந்தே வார்த்த ஸ்டட் உள்ள சாதாரண கால்பந்து பூட்ஸ் போதும். "வளர்ற பையன்தானே" என்று ரெண்டு சைஸ் பெரிதாக மட்டும் வாங்காதீர்கள். கணுக்கால் பிசகினால் மருத்துவச் செலவு தனி.

அடுத்தது பந்து. ரக்பி பள்ளிக்குப் பக்கத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த வில்லியம் கில்பர்ட், ரிச்சர்ட் லிண்டன் இருவரும்தான் ஆரம்பகாலப் பந்துகளைச் செய்தவர்கள். உள்ளே இருந்தது பன்றியின் சிறுநீர்ப்பை. அதை வாயால்தான் ஊத வேண்டும். லிண்டனின் மனைவி இப்படி ஊதி ஊதியே நுரையீரல் நோய் வந்து இறந்ததாகச் சொல்லப்படுகிறது. 1862 வாக்கில் லிண்டன் ரப்பர் பையையும் காற்றடிக்கும் பம்பையும் கொண்டுவந்தார். இன்று கடையில் பந்து கேட்டால் எண் பார்த்து வாங்க வேண்டும். 9 வயது வரை 3-ம் எண், 10 முதல் 14 வரை 4-ம் எண், அதற்கு மேல் 5. ஆளுக்கொரு பந்து தேவையில்லை, குழுவுக்கு ஒன்றிரண்டு போதும்.

இப்போது தலைக்கு வருவோம். இங்கேதான் பெற்றோர் பணத்தைக் கொட்டுவது. ரக்பியில் இருந்து பிரிந்த அமெரிக்கக் கால்பந்தில் கவசம் மேல் கவசமாக ஏறி, 1943-ல் அவர்களின் தேசிய லீக் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. ரக்பி அந்தப் பக்கம் போகவில்லை. மென்மையான தலைக்கவசமும் தோள் பட்டையும் போடலாம், ஆனால் பட்டையின் தடிமன் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. அந்த மெத்தைத் தொப்பி காது கிழியாமல், தோல் வெட்டுப்படாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. "நமக்குத்தான் தொப்பி இருக்கே" என்று தலையை முன்னால் நீட்டிப் பாயும் பையனுக்கு ஆபத்து கூடத்தான் செய்யும்.

கண்டிப்பாக வாங்க வேண்டியது மவுத் கார்டு. வெந்நீரில் போட்டு, இளகியதும் கடித்துப் பல்லுக்கு ஏற்றபடி படிய வைத்துக்கொள்ளும் வகையே ஆரம்பத்துக்குப் போதும். பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் வயதில் அளவு மாறும், அப்போது வேறு வாங்க வேண்டும். 2024 முதல் உயர்மட்டப் போட்டிகளில் அடியின் வேகத்தை அளக்கும் சென்சார் வைத்த மவுத் கார்டுகள் வந்துவிட்டன. அது நம் பிள்ளைகளுக்கு இப்போது தேவையில்லை.

பொருளுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள நம் நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. 1873-ல் வெள்ளைக்காரர்கள் கல்கத்தாவில் ஒரு ரக்பி கிளப் தொடங்கினார்கள். சில வருடங்களிலேயே ஆட ஆளில்லாமல் போனது. வங்கிக் கணக்கில் மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை எடுத்து, உருக்கி, கைப்பிடிக்கு மூன்று நாகங்களும் மூடியில் யானையும் வைத்துக் கோப்பை செய்து 1878-ல் இங்கிலாந்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுவது அந்தக் கல்கத்தா கோப்பைக்குத்தான். கணக்கில் பணம் இருந்தது, களத்தில் ஆள் இல்லை!

அதே ஊரில் 2004-ல் ஜங்கிள் குரோஸ் என்ற கிளப் வந்தது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்து வந்தது. 2007-ல் ஒடிசாவின் கலிங்கா பள்ளியில் படித்த பழங்குடிச் சிறுவர்கள் லண்டன் போய், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான சர்வதேசப் போட்டியை வென்று திரும்பினார்கள். அவர்கள் ரக்பி பழக ஆரம்பித்தே அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

ஆகவே என் பட்ஜெட் இதுதான். ஒரு மவுத் கார்டு, அளவான பூட்ஸ், ஜிப்பும் பையும் இல்லாத டவுசர், வீட்டில் கிடக்கும் கெட்டியான பனியன். முதல் சில மாதங்கள் இடுப்பில் செருகிய ரிப்பனைப் பிடுங்கி ஆடும் டேக் ரக்பியே நல்லது, அதில் மோதலே கிடையாது. மிச்சக் காசை வைத்துக்கொண்டு, நல்ல பயிற்சியாளரைத் தேடுங்கள். எதிராளியைப் பிடிக்கும்போது தலையை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று அவர் சொல்லித் தருகிறாரா, தலையில் அடிபட்ட பிள்ளையை உடனே வெளியே உட்கார வைக்கிறாரா என்று பாருங்கள். அது எந்தக் கடையிலும் விற்கிற பொருள் இல்லை.