குளத்து மீனும் குலப் பெருமையும்

“குளத்து மீனா? சேற்று வாடை அடிக்குமே!” கடற்கரைப் பங்குகளில் பிறந்து வளர்ந்தோர் இவ்வாறு சொல்லக் கேட்டிருக்கிறோம். வஞ்சிரமும் வாவலும் சுவைத்த நாவுக்குக் கெண்டை ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை. வங்காளத்திலோ நிலை வேறு. அங்கே கெண்டை இனத்தைச் சேர்ந்த ரோகு மீனை மணப்பெண்போல் அலங்கரித்துத் திருமணச் சீரோடு அனுப்புவர். ஓரிடத்தில் ஒதுக்கப்படுவது மற்றோரிடத்தில் மங்கலப் பொருள்.

இவ்வேற்றுமை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் மீன்வளத் துறையினர் சாதாக்கெண்டை என அழைக்கும் ஐரோப்பியக் கெண்டையின் வரலாற்றைப் படிப்போர், ஒரே மீன் ஒரு நாட்டில் திருநாள் உணவாகவும், இன்னொரு நாட்டில் கொல்லக்கூடாத விளையாட்டுத் துணையாகவும், வேறொரு நாட்டில் குப்பை மீனாகவும் கருதப்படுவதைக் கண்டு வியப்பர். அவ்வரலாற்றில் நம் திருச்சபைக்கும் பங்குண்டு.

இம்மீனின் தாயகங்களுள் ஒன்று தன்யூப் ஆறு. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியை ஆண்ட கோத்திய மன்னர்களிடம் உயர் அலுவலராக இருந்த காசியோதோர், அரச பந்திக்குத் தொலைவிலிருந்து வரவழைக்கப்படும் அரும்பொருள்களுள் தன்யூப் கெண்டையையும் தம் மடல் ஒன்றில் குறிக்கிறார். பின்னர் அவர் அரசுப் பணியைத் துறந்து, தென் இத்தாலியில் ஒரு துறவு மடத்தை நிறுவினார். ஏடுகளைப் படியெடுத்துப் பழைய கல்வியைக் காத்த அம்மடத்தின் பெயர் விவாரியும். அங்கிருந்த மீன் குளங்களால் அமைந்த பெயர் அது. துறவு மடமும் மீன் குளமும் பல நூற்றாண்டுகள் இணைந்தே நடந்ததற்கு இப்பெயர் ஒரு முன்னடையாளம் எனலாம்.

இவ்விணைப்புக்குக் காரணம் ஒருசந்தியும் சுத்தபோசனமும். நடுக்கால ஐரோப்பாவில் தவக்காலம், வெள்ளிக்கிழமைகள், திருநாள்களின் முந்நாள்கள் என ஆண்டில் நூறு நாள்களுக்கு மேல் இறைச்சி விலக்கப்பட்டிருந்தது. மீனுக்கு விலக்கில்லை. ஆனால் கடலுக்கு எட்டாத உள்நாட்டில் மீனுக்கு எங்கே போவது? குளம் வெட்டி வளர்ப்பதே வழியாயிற்று. அதற்குக் கெண்டையைவிடப் பொருத்தமான மீன் இல்லை. ஆழமற்ற, வெதுவெதுப்பான, உயிர்வளி குறைந்த நீரிலும் அது பிழைக்கும். குளத்தில் தானே விளையும் இரையைத் தின்று கொழுக்கும். ஈரப் பாசியில் பொதிந்து கொண்டுசென்றால் நெடுநேரம் உயிரோடிருக்கும். மடங்களும் பிரபுக்களும் குளங்களைப் பெருக்கப் பெருக்க, அது மேற்கு நோக்கிப் பரவியது.

இங்கே நம் மனத்தை உறுத்தும் உண்மை ஒன்றுண்டு. ஒறுத்தலுக்கென ஏற்பட்ட நாள்களில் கோட்டையிலும் மடத்திலும் கொழுத்த புதுக் கெண்டை பரிமாறப்பட்டது. ஏழையின் தட்டிலோ உப்பிட்ட காய்ந்த மீன்தான் இருந்தது. சட்டத்தின் எழுத்து காக்கப்பட்டது. ஆனால் ஒறுத்தல் யாருடையது?

கெண்டை வளர்ப்பு ஒரு கலையாகவே உயர்ந்த இடம் இன்றைய செக் நாடு. ஒலொமோட்ஸ் மறைமாவட்ட ஆயராக இருந்த யான் துப்ராவியுஸ் மீன் குளங்களைப் பற்றி இலத்தீனில் எழுதிய நூல் 1547-இல் அச்சாயிற்று. குளத்துக்கு நிலம் தேர்வது, கரை கட்டுவது, குஞ்சு விடுவது ஆகியவற்றை எழுதிய கை, ஆயரின் மோதிரம் அணிந்த கை! தென் போகிமியாவின் த்ரெபோன் நகரைச் சுற்றி, நெத்தோலிட்ஸ்கி என்பவர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 45 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ‘பொற்கால்வாய்’ வெட்டிக் குளங்களுக்கு நீர் ஊட்டினார். அவருக்குப் பின் வந்த யாக்கூப் கிர்ச்சின், 1584 முதல் 1590 வரை உழைத்து ரோஜ்ம்பெர்க் பெருங்குளத்தை உருவாக்கினார். நானூறு ஆண்டுகள் கடந்தும் அக்குளத்தில் இன்றும் இலையுதிர்காலத்தில் நீரை வடித்து மீன் பிடிக்கிறார்கள்.

அம்மீன் செல்லும் இடம் கிறிஸ்து பிறப்பின் முந்நாள் இரவுப் பந்தி. டிசம்பர் மாதத்தில் செக் நகரங்களின் தெருமுனைகளில் தொட்டிகளில் உயிருள்ள கெண்டைகள் விற்கப்படும். அதை வாங்கிவந்து, சமைக்கும் நாள்வரை குளியல் தொட்டியில் நீந்தவிடுவது பல வீடுகளின் வழக்கம். பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டுப் பின்னர் உண்ண மறுத்து அழுவதும் உண்டு. போலந்திலும் முதல் விண்மீன் தோன்றியபின் தொடங்கும் அவ்விரவுப் பந்தியில் கெண்டைக்குத் தனி இடம் உண்டு. அதன் செதில் ஒன்றைப் பணப்பையில் வைத்தால் ஆண்டு முழுவதும் குறைவிராது என்பது மக்கள் நம்பிக்கை. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இம்முந்நாளைச் சுத்தபோசன நாளாக விதிக்கவில்லை. ஆயினும் வழக்கம் நிற்கவில்லை. சட்டம் தளர்ந்த பின்னும் நினைவு தளரவில்லை.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். 1496-இல் அச்சான தூண்டில் கலை நூல், கெண்டையைச் சுவைமிக்கது என்றும் அந்நாட்டில் அரியது என்றும் சொல்கிறது. 1653-இல் ஐசக் வால்டன் வெளியிட்ட புகழ்பெற்ற தூண்டில் நூல் கெண்டையை ஆறுகளுக்கு அரசியென உயர்த்துகிறது. அதே நூல், நறுந்தழைகளும் திராட்சை இரசமும் ஆரஞ்சும் சேர்த்து அதைச் சமைக்கும் முறையையும் விரிவாகக் கூறுகிறது. வால்டனுக்குத் தூண்டிலும் அடுப்பும் பகையல்ல. பிடித்ததை நன்றியோடு உண்பதே முறை.

ஆனால் சூழல் மாறிக்கொண்டிருந்தது. எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடங்களைக் கலைத்தபோது, மடத்துக் குளங்கள் தம்மைப் பேணியோரை இழந்தன. சீர்திருத்தத்துக்குப் பின் ஒருசந்தி வழக்கமும் தேய்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயில் வண்டி கடல் மீனை உள்நாட்டு நகரங்களுக்குப் பனிக்கட்டியில் கொண்டுசேர்த்தது. கெண்டை மெல்ல மெல்ல அடுப்பங்கரையை விட்டு வெளியேறி, பொழுதுபோக்கு மீனாயிற்று.

1952 செப்டம்பரில் ரிச்சர்டு வாக்கர் என்பவர் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு எடையுள்ள கெண்டையைத் தூண்டிலில் பிடித்தார். அதை அவர் சமைக்கவில்லை. இலண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு அனுப்பினார். கிளாரிசா எனப் பெயர் பெற்ற அம்மீனைக் காணப் பல ஆண்டுகள் மக்கள் சென்றனர். இன்று அந்நாட்டுக் கெண்டைத் தூண்டிலாளர், பிடித்த மீனை ஈர விரிப்பில் கிடத்தி, எடைபார்த்து, படமெடுத்து, தூண்டில் குத்திய புண்ணுக்கு மருந்தும் இட்டு நீரில் விடுகின்றனர். பெரிய மீன்களுக்குப் பெயரும் உண்டு. அவற்றைக் கொன்று தின்பது அவர்கள் பார்வையில் கொடுமை.

அமெரிக்காவிலோ அதே மீனின் கதை எதிர்த்திசையில் சென்றது. ஆற்று மீன்கள் குறைந்துவந்த காலத்தில், மலிவான உணவு தேடிய கூட்டரசின் மீன்துறை ஆணையம், 1877-இல் ஜெர்மனியிலிருந்து 345 கெண்டைகளைப் பால்டிமோர் நகருக்கு வரவழைத்தது. ஐரோப்பாவிலிருந்து குடியேறியோர் தம் ஊர் மீனைக் கேட்டுக்கொண்டிருந்தனர். ஆணையத் தலைவர் ஸ்பென்சர் பெயர்டுக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. 1883-இல் மட்டும் ஏறத்தாழ 2,60,000 கெண்டைகள், 301 நாடாளுமன்றத் தொகுதிகளில் 298-க்கு அனுப்பப்பட்டன. சில ஆண்டுகளிலேயே மனம் மாறிற்று. கெண்டை அடிச்சேற்றைக் கிளறி, நீரைக் கலக்கி, செடிகளை வேரோடு பெயர்த்தது. வரவேற்ற அரசுகளே அதை வலைவீசி ஒழிக்கப் பணம் செலவிட்டன. ஆஸ்திரேலியாவில் 1970-களின் வெள்ளத்துக்குப்பின் அது மறே-டார்லிங் ஆறுகளை நிறைத்தது. அந்நாட்டின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிடித்த கெண்டையை உயிரோடு நீரில் விடுவது சட்டப்படி குற்றம். ஓரிடத்தில் கொல்வது பழி. மற்றோரிடத்தில் கொல்லாமல் விடுவது பழி!

அந்நாடுகளின் குறை பொய்யன்று. வேற்று மண்ணில் கெண்டை செய்த சேதம் மெய்யானது. ஆனால் தானாக அது கடல் கடக்கவில்லை, மனிதன் கொண்டுபோனான். காடழிப்பாலும் நகரக் கழிவாலும் கெட்ட ஆறுகளில் மற்ற மீன்கள் மாண்டபோது, தாக்குப்பிடித்து நின்ற கெண்டையின்மேல் முழுப் பழியும் விழுந்ததும் உண்டு.

இவ்விரு பார்வைகளும் நேருக்கு நேர் மோதிய காலமும் வந்தது. 2004-இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின், அந்நாட்டவர் பெருந்திரளாய் வேலை தேடி இங்கிலாந்துக்கு வந்தனர். அவர்களுள் சிலர் தூண்டிலிட்டுப் பிடித்த கெண்டையை, தம் ஊர் வழக்கப்படி வீட்டுக்குக் கொண்டுபோயினர். ஆங்கிலத் தூண்டிலாளர் கொதித்தனர். பெயரிட்டுப் பேணிய மீனைப் பறிகொடுத்த வருத்தம் அவர்களுக்கு; கிறிஸ்து பிறப்பு உணவைத் திருட்டென்று சொல்லக்கேட்ட திகைப்பு இவர்களுக்கு. உண்மையாகவே விதியை மீறியோரும் இருந்தனர். ஆனால் சிலரின் செயலுக்காக ஓர் இனம் முழுவதும் பழிக்கப்பட்டது. பின்னர் ஆங்கிலத் தூண்டிலாளர் சங்கம் ஒன்று ‘பாலம் கட்டுதல்’ என்ற பெயரில் திட்டம் வகுத்து, குடியேறியோரின் மொழிகளில் விதிகளை விளக்கி, அவர்களோடு சேர்ந்து தூண்டிலிட்டது. பகை தணிய வழி அதுவே.

கெண்டைக்குச் சேற்று வாடை உண்டு என்பதில் பொய்யில்லை. ஆனால் அது அம்மீனின் பிறவிக் குணமன்று. குளத்து நீரிலும் சேற்றிலும் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருள்களே அவ்வாடைக்குக் காரணம். தூய நீரில் சில நாள் விட்டுவைத்தால் அது நீங்கிவிடும். போகிமிய நாட்டவர் இதை அறிந்தே விற்குமுன் மீனைத் தெளிந்த நீரில் விடுகின்றனர். வாடை மீனுடையதன்று, அது வாழ நேர்ந்த நீருடையது.

மனிதரைப் பற்றியும் நாம் இப்படித்தானே பேசுகிறோம்? ஒருவன் உண்பதைக் கொண்டே அவன் குலத்தை அளக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. “அவர்கள் அதைத் தின்பவர்கள்” என்று சொல்லும்போது, நாம் இழிப்பது உணவையன்று, உண்பவரை. வாழ நேர்ந்த நீரின் வாடையைப் பிறவிக் குற்றமாக்குகிறோம். யோப்பா நகர மாடியில் பசித்திருந்த பேதுரு, வானத்திலிருந்து இறங்கிய விரிப்பைக் கண்டபோது முதலில் முகஞ்சுளித்தார். அக்காட்சியின் பொருள் உணவைப் பற்றியதன்று என்பது, கொர்னேலியு அனுப்பிய அயல்நாட்டார் வாசலில் வந்து நின்றபோதுதான் அவருக்கு விளங்கிற்று.

1939-இல் அன்றைய இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்த கெண்டை, இன்று நம் மண்ணின் மீனாகிவிட்டது. அடுத்த தவக்காலத்தில் யாரேனும் ஒருவர் வீட்டில் குளத்து மீன் நம் இலையில் விழக்கூடும். வஞ்சிரத்தை நினைத்து முகஞ்சுளிக்குமுன், சமைத்துப் பரிமாறிய கையை ஒருகணம் பார்ப்போம். அன்று நாம் கைக்கொள்ளும் ஒறுத்தல் அதுவாகவே இருக்கலாம்.