பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் குன்றுகளும் காட்சி மேடுகளும்

தமிழகத்தின் நடுப்பகுதியில், வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்தவை பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள். நடந்து ஏறிப் பார்க்கத்தக்க உயரங்கள் இங்கே மேற்கு ஓரத்தில்தான் குவிந்திருக்கின்றன. பெரம்பலூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு மேற்கே சிறிது தூரத்திலேயே பச்சைமலை எழுந்து 1,000 மீட்டரை எட்டுகிறது. கிழக்கே போகப் போக நிலம் தாழ்ந்து, அரியலூர் மாவட்டத்தில் மலை என்று சொல்ல ஒன்றுமில்லாமல் போகிறது. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் குன்றுகளைப் பேருந்து சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

இரண்டும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அதிலிருந்து 2001இல் பிரிந்த அரியலூர், 2002இல் மீண்டும் அதனோடு சேர்ந்து, 2007இல் நிலையாகத் தனியானது.

நிலத்தின் அமைப்பு

இங்கே ஒரு குன்றின் உச்சியில் நின்று கிழக்கே பார்ப்பவர் பார்ப்பது ஒரு பழைய கடலின் அடித்தளத்தை. பச்சைமலையும் அதைச் சுற்றிய கரடுகளும் மிகத் தொன்மையான கெட்டிப் பாறைகளால் ஆனவை. கிரிட்டேசியக் காலத்தில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பாறை நிலத்தின் விளிம்பு வரை கடல் ஏறி வந்தது. அது விட்டுச்சென்ற களிமண், மணற்கல், சுண்ணாம்புப் படிவுகள்தான் இன்று ஆலத்தூர், குன்னம், அரியலூர் வட்டங்களின் நிலம். 1862இல் நிலவியலாளர் எச். எஃப். பிளான்ஃபோர்டு இப்படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று தொகுதிகளாகப் பிரித்து எழுதினார். உலகின் நிலவியலாளர்கள் இன்றும் அந்தப் பெயர்களையே வழங்குகிறார்கள்.

இதை நடந்தே பார்க்கச் சிறந்த இடம் ஆலத்தூர் வட்டத்துக் காரை. மழை அரித்து அரித்து, மரமில்லாத களிமண் மேடுகளும் ஓடைப் பள்ளங்களுமாகக் கிடக்கும் நிலம் அது. மேடுகள் உயரமற்றவை. ஆனால் ஒன்றின் மேல் ஏறி நின்றால் அதேபோன்ற மேடுகள் வரிசை வரிசையாகத் தெரியும். காலடியில் கண்ணாடிச் சில்லுபோல் மின்னுவது ஜிப்சம். விரல் நீளத்தில், ஒரு முனை கூர்ந்து, துப்பாக்கிக் குண்டுபோல் கிடப்பவை பெலம்னைட் எனப்படும் கடலுயிரிகளின் எச்சங்கள். சாத்தனூரில் 1940இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் நீளக் கல்மரமும் இதே கடலின் கதையைச் சேர்ந்ததுதான். ஆறு அடித்துவந்து கடலில் சேர்த்த மரம், மண்ணுள் புதைந்து கல்லானது. ஊரார் அதைக் ‘கல்மரம்’ என்றே சொல்கிறார்கள்.

பச்சைமலை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. கொல்லிமலை, கல்வராயன், சேர்வராயன் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் எண்ணப்படும். திருச்சி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களுக்குப் பொதுவான மலை. பெரம்பலூர் பக்கம் வேப்பந்தட்டை வட்டத்துப் பூலாம்பாடி, அரும்பாவூர், மலையாளப்பட்டி, தொண்டமாந்துறை, விசுவக்குடி முதலிய ஊர்களும் தெற்கே லாடபுரமும் அதன் அடிவாரத்தில் உள்ளன. பெயருக்கேற்ற பசுமை ஆண்டு முழுதும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது. பங்குனி, சித்திரையில் இது பழுப்பு மலை.

மலைமேல் வாழ்பவர்கள் பழங்குடியினரான மலையாளிகள். கேரளத்தோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் என்பர். இவர்களின் மரபுக் கதைப்படி முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள். மூத்தவர் சேர்வராயனிலும் இரண்டாமவர் கொல்லிமலையிலும் இளையவர் பச்சைமலையிலும் தங்கினார்கள். சாமை, தினை, மரவள்ளிக் கிழங்கு, முந்திரி, பலா, புளி ஆகியவை விளைச்சல். இன்று துறையூர் பக்கம் சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்குத் தார்ச்சாலை ஏறுகிறது. சாலை வருவதற்கு முன், புளியையும் பலாவையும் தலைச்சுமையாக இறக்கிக் கொண்டுபோய், உப்பும் துணியும் வாங்கி ஏறிய ஒற்றையடிப் பாதைகள்தான் எல்லாப் பக்கமும் இருந்தன. நடைக்காரர்கள் தேடிப் போகும் பாதைகள் பலவும் இவைதான். அவற்றைப் ‘புதிதாகக் கண்டுபிடித்த வழி’ என்று காணொளியில் சொல்லிக்கொள்வது வேடிக்கை.

பெரம்பலூர் பக்கத்தில் அதிகம் பேர் நாடுவது கோரையாறு அருவியும் லாடபுரத்துக்கு மேலுள்ள மயிலூற்று அருவியும். இரண்டுமே வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் நீர் கொட்டும், இல்லையேல் ஈரக்கோடு மட்டும் தெரியும் பாறை. அருவிகளின் பெயரால் வருகிறவர்கள் பலர் அருவியோடு திரும்பிவிடுகிறார்கள். பாதையின் மேட்டுப் பகுதியில் நின்று கிழக்கே திரும்பிப் பார்ப்பதே இந்நடையின் உண்மையான பலன். மக்காச்சோளக் கொல்லைகள், ஏரிகள், அவற்றுக்கு அப்பால் ஒரு மேடுகூட இல்லாத வெளி எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். விசுவக்குடியில் கல்லாற்றுக்குக் குறுக்கே, பச்சைமலைக்கும் செம்மலைக்கும் இடைப்பட்ட வாயை அடைத்து அணை கட்டியிருக்கிறார்கள். ஏற முடியாதவர்களுக்கு அந்த அணைக்கரையே போதுமான காட்சி மேடு. கல்லாறு வெள்ளாற்றில் சேர்கிறது. இதே மலையில் தோன்றும் மருதையாறு இரு மாவட்டங்களையும் கடந்து கொள்ளிடத்தில் கலக்கிறது.

அரும்பாவூரின் மரச்சிற்பத் தொழிலும் இந்த மலையின் நிழலில் வளர்ந்ததுதான். தேர்களுக்கும் சுவாமி வாகனங்களுக்கும் இங்கே செதுக்கும் சிற்பங்கள் 2020இல் புவிசார் குறியீடு பெற்றன.

தனிக் குன்றுகள்

பச்சைமலையை விட்டுத் தள்ளி, சமவெளியில் தனித்தனியாக நிற்கும் குன்றுகள் ஏறுவதற்கு எளியவை. பெரும்பாலானவற்றின் மேல் ஒரு தெய்வம் இருப்பதால் பாதையும் இருக்கிறது.

இவற்றில் முதலில் சொல்லவேண்டியது ஆலத்தூர் கேட்டிலிருந்து மேற்கே போனால் வரும் செட்டிகுளம். ஊருக்குள் ஏகாம்பரேசுவரர் கோயில், குன்றின் மேல் தண்டாயுதபாணி. இந்த முருகன் கையில் வேல் இல்லை, கரும்பு வைத்திருக்கிறார். இருநூற்றுக்கும் மேற்பட்ட படிகள், நின்று நின்று ஏறினாலும் அரை மணிக்குள் உச்சி. மேலிருந்து பார்த்தால் நிலம் சிறு சிறு சதுரங்களாகத் தெரியும். பெரும்பாலும் சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம். தமிழகத்தில் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன வட்டாரம் இதுதான். அறுவடைக்குப் பிந்தைய மாதங்களில் வயலோரங்களில் நீளமாகத் தெரிபவை வெங்காயப் பட்டறைகள். தரையிலிருந்து சற்று உயர்த்தி, இருபுறமும் காற்றுப் புகும்படி படல் கட்டி, தாளோடு வெங்காயத்தை அடுக்கி, மேலே கீற்று வேய்ந்திருப்பார்கள். விலை ஏறும்வரை காத்திருக்கும் உழவரின் கிடங்கு அது. மலைக்காட்சி என்றால் பனியும் பள்ளத்தாக்கும்தான் என்று எண்ணுபவர்கள் ஒருமுறை இந்தப் படிகளில் ஏறிப் பார்க்கலாம்.

சிறுவாச்சூரில் நெடுஞ்சாலையோரம் மதுரகாளியம்மன் கோயில், அதற்கு மேற்கே பெரியசாமி மலை. தன் இடத்தை மதுரகாளிக்குக் கொடுத்துவிட்டுச் செல்லியம்மன் அந்த மலைக்குப் போனதாகத் தலபுராணம். இன்றும் கீழ்க்கோயிலில் மலையை நோக்கித் தீபம் காட்டிய பிறகே மதுரகாளிக்கு ஆராதனை. மலைமேல் சுதையிலும் சுடுமண்ணிலும் ஆன பெரிய காவல் தெய்வ உருவங்கள் உள்ளன. 2021இல் அவற்றுள் சில உடைக்கப்பட்டது பெரும் செய்தியானது. கீழ்க்கோயில் திங்கள், வெள்ளிக்கிழமைகளிலும் விழா நாட்களிலும் மட்டுமே திறந்திருக்கும்.

எளம்பலூர் பிரம்மரிஷி மலை பெரம்பலூர் நகரத்தை ஒட்டியது. சித்தர்கள் வாழ்ந்த மலை என்பது நம்பிக்கை. கார்த்திகைத் தீபத்தன்று உச்சியில் கொப்பரைத் தீபம் ஏற்றுகிறார்கள். நகரம் முழுவதையும் பார்க்க இதைவிடக் கிட்டத்தில் வேறு இடம் இல்லை.

பெரம்பலூருக்கு வடக்கே சுமார் 17 கிலோமீட்டரில் ரஞ்சன்குடிக் கோட்டை. கர்நாடக நவாபின் ஆட்சியில் ஒரு சாகிர்தார் கட்டியது, மூன்று மட்டங்களாக மேலேறும் மதில்கள், அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி. 1751இல், நவாப் பதவிக்கான போட்டியில், இதை முன்னிட்டு நடந்த மோதலில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயர்களும் மறுபக்கம். ஆங்கிலேயப் படை நிலைகுலைந்து ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது. ஆங்கிலேய ஏடுகளில் இது ‘வால்கொண்டா’ சண்டை, அதாவது பக்கத்து ஊரான வாலிகண்டபுரத்தின் பெயர். உச்சிக் கொத்தளத்தில் நின்றால் கோட்டையை ஏன் இங்கே கட்டினார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வடக்கிலிருந்து திருச்சிக்கு வரும் வழி முழுதும் கண்ணுக்கு எட்டுகிறது. இன்று அதே வழியில் லாரிகள் ஓடுகின்றன. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் இது.

அரியலூர் பக்கம்

இங்கே ஏறிப் பார்க்க மலை இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் எழுப்பிய விமானம் சுமார் 55 மீட்டர் உயரம். சுற்றுப்புற ஊர்களுக்கு அடையாளக் குன்றாக அதுவே இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்கலாம், அதிலிருந்து பார்க்க முடியாது. சோழர் அரண்மனை இருந்த இடம் மாளிகைமேடு என்று பெயரளவில் மேடாக நிற்கிறது. அரியலூரைச் சுற்றிச் சிமென்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய சுரங்கங்கள் உண்டு. அவற்றின் விளிம்பில் நிற்பவருக்கு உயரம் தெரிவது மேல்நோக்கி அல்ல, கீழ்நோக்கி. வேலி தாண்டிப் போவது ஆபத்து.

நடக்க ஏற்றது கரைவெட்டி ஏரிக்கரை. புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக மேட்டூர் நீர் பெறும் இந்த ஏரி 2024 சனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகளைக் குளிர்காலக் காலைகளில் கரைமேலிருந்தே பார்க்கலாம்.

நடைமுறைகள்

ஆல்ப்ஸ் அடிவாரத்தில் லூசெர்ன் ஏரிக்கு மேல் நிற்கும் ரிகி மலைக்கு 1871இலேயே பற்சக்கர ரயில் போட்டார்கள். சுவிட்சர்லாந்து முழுதும் நடைபாதைகளில் மஞ்சள் பலகைகள் வழியையும் நடக்கும் நேரத்தையும் சொல்கின்றன. அங்கே காட்சிக்காகவே மக்கள் ஏறினார்கள். இங்கே வேண்டுதலுக்கும் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் சந்தைக்கும் ஏறினார்கள். எனவே வழிகாட்டிப் பலகையை எதிர்பார்க்காமல் அடிவாரத்து ஊரில் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போவதே முறை.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் இறந்த பின், மலையேற்றத்துக்கென அரசு விதிகள் வகுத்தது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழையக் கூடாது. கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற பருவம். கோடையில் காலை பத்து மணிக்கே பாறை காலைச் சுடும், உச்சியில் நிழலும் இராது, தண்ணீரும் இராது. செங்குத்துப் பாறைகளில் மலைத்தேனீக் கூடுகள் இருக்கும் என்பதால் புகையும் கூச்சலும் கூடாது. காரையிலும் சாத்தனூரிலும் புதைபடிமங்களைப் பொறுக்கிக்கொண்டு வராமல் கண்ட இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

பாதுகாப்பு

பச்சைமலைக் காடுகளுக்கு வனத்துறை இருக்கிறது, ரஞ்சன்குடிக்குத் தொல்லியல் துறை, கோயில் குன்றுகளுக்குச் சாமியும் ஊரும். இவற்றுக்கிடையே சாமியும் மதிலும் இல்லாமல் நிற்கும் புறம்போக்குக் கரடுகள்தான் குவாரி குத்தகைக்குப் போகின்றன. ஜல்லியும் எம்-சாண்டும் ஆகி லாரி ஏறும் அந்தக் குன்றுகளில் எவை ஏறிப் பார்க்கத் தகுந்தவை, எவற்றை விட்டுவைக்க வேண்டும் என்பதைக் குத்தகை விடுவதற்கு முன்பே மாவட்ட நிர்வாகம் வகுத்து அறிவிக்க வேண்டும்.