மாமாக் மீ கோரெங்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் உணவு வண்டிகளின் பலகைகளில் 'மீ கோரெங் மாமாக்' என்று எழுதியிருப்பார்கள். மூன்று சொல், மூன்று பிறந்த வீடு.

மீ, ஹொக்கியன் மொழிக்குரியது. தென்சீனத்து ஃபூஜியன் கரையிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேச்சு அது. கோதுமை நூடுல்ஸை மாண்டரினில் 'மியன்' என்பார்கள், கண்டோனீஸில் 'மின்' என்பார்கள். மலாய் எடுத்துக்கொண்டது 'மீ'யைத்தான். தௌகே என்ற முளைப்பயறும் தௌஹூ என்ற சோயாக்கட்டியும் கீச்சாப் என்ற சோயா சாஸும் இதே வழியாக வந்து, இதே தட்டில் கூடியவை. மீயின் நிறத்தைப் பார்த்து மஞ்சள்தூள் என்று நம்மவர் நினைக்கக்கூடும். அது கார உப்பு கரைத்த நீரின் வேலை. மாவோடு சேர்ந்ததும் நிறம் மஞ்சளாகும், இழைக்கும் இழுவை வரும்.

கோரெங் மலாய். வறுத்தாலும் பொரித்தாலும் அதுதான் பெயர். இதில் துருவ அதிகமில்லை.

மாமாக்கில்தான் ருசியான சிக்கல். கடையநல்லூரிலிருந்தும் இராமநாதபுரக் கரையிலிருந்தும் போன தமிழ் முஸ்லிம்களை மலேசியாவில் அப்படிச் சொல்வார்கள். பினாங்கில் அவர்கள் பழையவர்கள்: தமிழ் வணிகர் காதர் முகைதீன் பெயரோடு சேர்ந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் எழுந்தது. நம் 'மாமா'தான் 'மாமாக்' ஆனது என்பது பரவலான விளக்கம். அம்மாவை 'எமாக்', அக்காவை 'காக்காக்' என்று அழைக்கும் மலாய் வாய், மாமாவுக்கும் ஒரு 'க்' வைத்து முடித்தது இயல்பே. ஆனால் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடம் தாய்மாமனுக்கே 'மாமாக்' என்றுதான் பெயர். அதனால் தமிழ் மட்டுமே மூலம் என்று அடித்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு சொல்லில் நம் மாமா போய் உட்கார்ந்துகொண்டார் என்றே நினைக்கிறேன்.

சீனர் சமையலில் பன்றிக்கொழுப்பு சாதாரணம். அதை விலக்கி மீயை முஸ்லிம்கள் சாப்பிடும்படி செய்தவர் மாமாக். காய்ந்த மிளகாயை அரைத்துச் சேர்த்தார், தக்காளி சாஸ் ஊற்றினார், முட்டையை உடைத்தார், ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு வைத்தார். கூடவே அவித்த உருளைக்கிழங்கு! நூடுல்ஸில் கிழங்கைப் போடத் துணிந்த அந்தக் கை தமிழ்க்கை என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம். இத்தனை செய்தும் பண்டத்துக்குத் தமிழில் ஒரு பெயர் வைக்கவில்லை. சிங்கப்பூரில் இதையே 'இந்தியன் மீ கோரெங்' என்கிறார்கள். இந்தியாவில் இந்தப் பண்டம் பிறக்கவே இல்லை.

பினாங்கில் சீனர் நடத்தும் கோப்பித்தியாம்களுக்கு உள்ளேயே மாமாக் வண்டி நிற்பதுண்டு. கோப்பி மலாய், 'தியாம்' ஹொக்கியனில் கடை. நம் 'கடை'யோ மலாயில் 'கெடாய்' ஆகி வாசலுக்கு வாசல் தொங்குகிறது.

பலகையில் மாமாக் என்று இருந்தாலும் வாடிக்கையாளர் நேரில் கூப்பிடுவது 'அண்ணே' என்றுதான். சீனரும் மலாய்க்காரரும்கூட அப்படியே. பார்சல் கேட்பவர் குரல் இப்படி இருக்கும்: "அண்ணே, மீ கோரெங் சாத்து, தாப்பாவ்!" சாத்து மலாயில் ஒன்று, தாப்பாவ், கட்டிக் கொடு என்பதற்குச் சீனம். அண்ணன் அதற்குள் இரும்புச் சட்டியில் எண்ணெயை ஊற்றிவிடுவார்.